அரிசி மில்லில் செலவைக் குறைக்க: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

"செலவைக் குறைக்கணும், நீங்கதான் பார்த்துக்கணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த வாரமே டீ ஒரு வேளையாகிறது, வராந்தா விளக்கு அணைகிறது, பழைய தாளின் பின்பக்கம் பில் அச்சாகிறது. மூன்று மாதம் கழித்து லாப நட்டக் கணக்கைப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பேட்டை சிட்கோ பட்டறை, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலை, அம்பாசமுத்திரம் பக்கத்து மில் என்று எங்கே போனாலும் செலவுக் குறைப்பு இப்படித்தான் தொடங்கி இப்படித்தான் அடங்குகிறது. பணம் போகிற இடம் ஒன்று, கை வைக்கிற இடம் வேறொன்று.

40 பேர் வேலை பார்க்கும் புழுங்கல் அரிசி மில் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, திட்டத்தை எப்படி நிறுவுவது என்று இங்கே சொல்கிறோம். கல்லூரி, மருத்துவமனை, ஜவுளிக்கடைக்கும் முறை இதுவேதான். பெரிய செலவு எது என்பது மட்டும் மாறும்.

தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் காலம். பிசானப் பருவத்து அறுவடை நெல் வந்து குவியும் மாதங்களில் தொடங்காதீர்கள். அப்போது யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. வரத்து தணிந்து, மெஷினைக் கழற்றிப் பார்க்க அவகாசம் கிடைக்கும் மாதம்தான் சரி.

இரண்டாவது ஆட்கள். குழுவில் ஐந்தாறு பேர் போதும்: கணக்கர், மில் சூப்பர்வைசர், எலெக்ட்ரீஷியன், கொள்முதல் பார்ப்பவர், களத்திலோ லோடு ஏற்றுவதிலோ வேலை பார்க்கும் ஒருவர், பொறுப்பாளராக நீங்கள். தொழிலாளியைப் பெயருக்குச் சேர்க்காதீர்கள். எங்கே என்ன சிந்துகிறது என்று தினமும் பார்ப்பவர் அவர்தான். வாரம் ஒரு நாள், குறித்த நேரம், முக்கால் மணி. அதற்கு மேல் போனால் மூன்றாவது வாரமே ஆள் வராது.

மூன்றாவது, முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துத் தன் வாயால் சொல்ல வேண்டியது: இந்தத் திட்டத்தால் ஒருவருக்கும் வேலை போகாது, கூலி குறையாது. இதைச் சொல்ல அவருக்கு மனமில்லை என்றால் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. செலவுக் குறைப்பு என்ற சொல் காதில் விழுந்த அன்றே "ஆளைக் குறைக்கப் போறாங்க" என்ற பேச்சு டீக்கடைக்குப் போய்விடும். அதன் பிறகு மெஷின் பக்கத்திலிருந்து உண்மை உங்களிடம் வராது.

பன்னிரண்டு மாதக் கணக்கு

குறைந்ததா இல்லையா என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு மாதக் கணக்கு போதாது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். வரத்து அதிகமுள்ள மாதத்தையும் மில் பாதி நாள் நின்ற மாதத்தையும் ஒப்பிட்டால் எந்த முடிவை வேண்டுமானாலும் காட்டலாம். ஆகவே கடந்த பன்னிரண்டு மாதத்தை முழுதாக எடுங்கள். வேண்டிய தாள்கள்: எடை மேடைச் சீட்டு, கொள்முதல் பதிவேடு, மின் கட்டண பில், சம்பளப் பட்டியல், லாரி வாடகை வவுச்சர், வங்கி வட்டிக் கணக்கு, ஸ்டோர் ரூம் வெளியீட்டு நோட்டு.

எடுத்துக்காட்டு மில்லின் ஒரு சராசரி மாதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல், 500 டன், டன் 24,000 ரூபாய்: 1,20,00,000
சம்பளம், கூலி: 6,00,000
மின்சாரம், 40,000 யூனிட், எல்லாம் சேர்த்து யூனிட் 8 ரூபாய்: 3,20,000
வண்டி வாடகை: 2,00,000
பை, 13,000, ஒன்று 15 ரூபாய்: 1,95,000
சரக்கில் முடங்கிய 2 கோடிக்கு 11 சதவீத வட்டி: 1,83,000
ரப்பர் ரோல், பெல்ட், பேரிங், பழுது: 1,25,000
டீ, ஸ்டேஷனரி, போன்: 30,000

நெல்லை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 16,53,000. மாதம் 5,000 குவிண்டால் அரைக்கிறோம். அப்படியானால் ஒரு குவிண்டாலுக்கு 330 ரூபாய் சொச்சம். திட்டம் முழுவதும் இந்த "குவிண்டாலுக்கு எவ்வளவு" என்ற எண்ணைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். மொத்தத் தொகையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அரைப்பு கூடிய மாதம் கரன்ட் பில்லும் கூடும். அது தோல்வி அல்ல. மில் நின்ற மாதம் பில் குறையும். அதை வெற்றி என்று யாராவது கைதட்டினால் நிறுத்துங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழே படித்தாலே வேலை எங்கே என்று தெரியும். டீயையும் போனையும் அடியோடு ஒழித்தாலும் மிஞ்சுவது 30,000, கூடவே 40 பேரின் மனக்கசப்பு. நெல்லில் ஒரு சதவீதம் என்றால் 1,20,000.

நெல்லில்தான் பணம்

புழுங்கலுக்கு அரசுக் கொள்முதலில் வைத்திருக்கும் அளவு 68 சதவீதம், பச்சரிசிக்கு 67. அதாவது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி வர வேண்டும். உங்கள் மில்லில் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் பலர் வாய்க்கணக்காகத்தான் சொல்வார்கள். ஒரே ரக நெல்லில் ஒரு லோடைத் தனியாக எடை போட்டு, ஊற வைத்து, அவித்து, காய வைத்து, அரைத்து, வந்த அரிசி, குருணை, தவிடு, உமி ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். ஒரு நாள் வேலை கெடும், பரவாயில்லை. இந்த ஓர் அளவு இல்லாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

அரிசி ஒரு சதவீதம் குறைந்தால் மாதம் 5 டன். ஆனால் 5 டன்னுக்கும் முழு அரிசி விலையைப் போட்டு நட்டம் என்று எழுதாதீர்கள். அது குருணையாகப் போயிருந்தால் குருணை விலைக்கு விற்றிருப்போம். அரிசி 40 ரூபாய், குருணை 22 ரூபாய் என்றால் கிலோவுக்கு நட்டம் 18 ரூபாய், ஆக 90,000. ஈரமாகப் பறந்தோ தூசியாகவோ உமியோடோ போயிருந்தால்தான் முழு 2,00,000. எந்த வழியில் போகிறது என்று பிரித்துப் பார்த்த பிறகே அதை அடைக்க முடியும்.

ஈரம்தான் முதல் ஓட்டை. 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் வாங்கினால் அதில் உலர்ந்த பொருள் 82 கிலோ. அதை 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 82-ஐ 0.86-ஆல் வகுக்க வேண்டும், 95.35 கிலோ. நாலு சதவீதம் ஈரம் போனால் நாலு கிலோதானே குறையும் என்று விலை பேசுபவர் ஒவ்வொரு குவிண்டாலிலும் 650 கிராமை விட்டுக்கொடுக்கிறார். 500 டன்னுக்கு அது மூன்றேகால் டன் நெல். கொள்முதல் செய்பவர் கையில் ஈரத்துக்கேற்ற விலைப் பட்டியல் ஒன்றை அச்சடித்துக் கொடுங்கள், 14 முதல் 20 வரை அரை அரை சதவீதமாக. ஈர மீட்டரை மாதம் ஒரு முறை ஓவனில் உலர்த்தி எடை பார்க்கும் முறையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். மீட்டர் ஒரு சதவீதம் தப்பாகக் காட்டினால் அந்தத் தப்பு எல்லா லோடிலும் நடக்கும்.

இதன் மறுபக்கத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. டிரையரிலோ களத்திலோ கூடுதலாகக் காய்ந்துவிட்டால்? 14-க்குப் பதில் 12 சதவீதத்துக்குப் போனால் 100 கிலோ 97.73 கிலோவாகிவிடும். நெல்லில் இருக்க வேண்டிய தண்ணீரை உமி எரித்து ஆவியாக்கி, அதற்குக் கரன்டும் செலவழித்து, எடையையும் இழக்கிறோம். நெல் முறிந்து குருணையும் கூடும். அதற்காக 15, 16-இல் நிறுத்தினால் சேமிப்பில் பூஞ்சை பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, டிரையர் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுதச் செய்யுங்கள். தானாகப் பதியும் கருவி வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம். முதல் இரண்டு மாதத்துக்கு அந்த நோட்டே போதும்.

அடுத்தது உமியை உரிக்கும் ஷெல்லர். ரப்பர் ரோல் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் வேகமான ரோல் சீக்கிரம் தேயும். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்து, முழு ஆயுளும் வேலைக்கு வரும். மாற்றாமல் ஓட்டினால் பாதி ரப்பர் மிச்சமிருக்கும்போதே ஜோடியைத் தூக்கிப் போட வேண்டியதாகிறது. இடைவெளியை இறுக்கி வைத்தால் எல்லா நெல்லும் ஒரே தடவையில் உரியும் என்று நினைத்து இறுக்குபவர்கள் உண்டு. உரிவதோடு சேர்ந்து முறியவும் செய்யும். கொஞ்சம் உரியாமல் திரும்பி வருவது தப்பில்லை. அதைப் பிரித்து மறுபடி அனுப்பத்தான் செபரேட்டர் இருக்கிறது.

பாலிஷரில் ஏற்படும் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக இருக்கட்டும் என்று கூடுதலாகத் தேய்த்தால் அரிசி தவிடாகிறது, கரன்டும் ஏறுகிறது. வாங்குபவர் எந்த நிறம் கேட்கிறாரோ அந்த நிறத்தில் ஒரு மாதிரி டப்பாவை மெஷின் பக்கத்தில் வைத்து, "இதுக்கு மேல வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோ பை பரவலானது. மாதம் 13,000 பை பிடிக்கிறோம். எடை மெஷின் சரியில்லாமல் பைக்கு 50 கிராம் கூடப் போனால் 650 கிலோ, 26,000 ரூபாய். டீச்செலவு முழுவதற்கும் கிட்டத்தட்ட ஈடு! ஷிஃப்டுக்கு இருபது பையை மறு எடை போட்டு எழுதுங்கள். குறைவாகப் பிடித்து மிச்சப்படுத்த நினைக்காதீர்கள், அது எடையளவுச் சட்டத்தில் குற்றம். சராசரி 26.000-ஐ ஒட்டி, ஏற்ற இறக்கம் குறைவாக இருக்க வேண்டும். குறி அவ்வளவுதான்.

கரன்ட் பில்லைப் படிக்கும் முறை

உயர் அழுத்த இணைப்பு என்றால் பில்லில் யூனிட்டைத் தவிர மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, அனுமதி பெற்ற டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவு வரை இழுத்துக்கொள்ளலாம் என்று கேவிஏ கணக்கில் வாங்கி வைத்த அளவு. தமிழ்நாட்டில் நீங்கள் உண்மையில் எடுத்த அதிகபட்ச டிமாண்ட், அனுமதி பெற்றதில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 300 கேவிஏ வாங்கி வைத்து 200-தான் எடுக்கிறீர்கள் என்றால் 270-க்குக் கட்டுகிறீர்கள். 240-ஆகக் குறைத்தால் 216-க்குக் கட்டினால் போதும். கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் மாதம் 32,400 மிச்சம். ஒரு போல்ட்டைக்கூடத் திருகாமல் கிடைக்கும் பணம் இது. ஆனால் அவசரப்படாதீர்கள். பன்னிரண்டு பில்லையும் வரிசையாக வைத்து, பிசான உச்சத்தில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும், மறுபடி உயர்த்தக் காசும் காலமும் ஆகும்.

டிமாண்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் எகிறுவதுதான் பில்லில் ஏறுகிறது என்பது. மீட்டர் அந்த நொடியைப் பிடிப்பதில்லை, சில நிமிடங்களின் சராசரியைத்தான் எடுக்கிறது. ஆகவே ஸ்டார்ட்டரை மாற்றுவதால் டிமாண்ட் பெரிதாகக் குறையாது. கிணற்று மோட்டார், பாய்லர் புளோயர், நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், பாலிஷர் எல்லாம் ஒரே அரை மணியில் சேர்ந்து ஓடாமல் அட்டவணை போட்டால் குறையும்.

இரண்டாவது, பவர் ஃபேக்டர்: இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலைக்கு ஆகும் பங்கு. 0.90-க்குக் கீழே போனால் அபராதம். அதை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேனல் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். வெயில் காலத்தில் பேனல் அறை கொதிக்கும், கெப்பாசிட்டர் ஊதி ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு கெப்பாசிட்டரும் எடுக்கும் ஆம்பியரை கிளாம்ப் மீட்டரில் பிடித்துப் பார்ப்பதுதான் சோதனை.

மூன்றாவது, உச்ச நேரக் கட்டணம். காலையும் மாலையும் யூனிட் விலை கூடும், இரவில் சிறிய தள்ளுபடி உண்டு. நேரமும் விகிதமும் உங்கள் பில்லிலேயே இருக்கும். தொட்டி நிரப்பும் பம்ப் போன்றவற்றை இரவுக்கு மாற்றுவது எளிது. அரைப்பையே இரவுக்கு மாற்றினால் கூலி கூடும், கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு சோதனை. சனி இரவு மில்லை நிறுத்தியதும் மீட்டரைக் குறித்து, திங்கள் காலை மறுபடி பாருங்கள். 36 மணி நேரத்தில் 180 யூனிட் ஓடியிருந்தால், யாரும் இல்லாத மில்லில் 5 கிலோவாட் எதற்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று கம்ப்ரஸர். நிறம் மாறிய அரிசியைக் காற்றால் தள்ளிப் பிரிக்கும் கலர் சார்ட்டருக்குக் காற்று தரும் அந்த மெஷினை யாரும் கண்டுகொள்வதில்லை. காற்று எடுக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டு, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். யாரும் காற்று எடுக்காதபோதும் அது 3 நிமிடம் காற்றை அழுத்தி 7 நிமிடம் ஓய்கிறது என்றால், 10-இல் 3 பங்கு, அதாவது 30 சதவீதக் காற்று கசிகிறது. 15 கிலோவாட் கம்ப்ரஸர் தினம் 16 மணி, மாதம் 25 நாள் ஓடினால் 1,800 யூனிட், 14,400 ரூபாய். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் நுரை வரும் இடம் தெரியும். பெரும்பாலும் ஹோஸ் இணைப்பு, வடிகால் வால்வு, உடைந்த ரெகுலேட்டர் என்று சில நூறு ரூபாய்ச் சாமான்தான். சார்ட்டர் கேட்கும் அழுத்தத்துக்கு மேல் வைத்திருந்தால் அதையும் இறக்குங்கள். அழுத்தத்தை ஒரு பார் அளவு குறைத்தால் கரன்ட் 6, 7 சதவீதம் குறையும்.

மின்விசிறியையும் லைட்டையும் மாற்றச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். 75 வாட் ஃபேனுக்குப் பதில் குறைந்த கரன்ட் எடுக்கும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டால், தினம் 12 மணி, வருடம் 300 நாளுக்கு 162 யூனிட், 1,296 ரூபாய் மிச்சம். ஃபேன் விலை 3,000 என்றால் போட்ட பணம் வர இரண்டே கால் வருடம். நல்ல மாற்றம்தான், ஆனால் ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட வேண்டாம். பழுதாகும்போது இதைத்தான் வாங்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

பாய்லர்

பாய்லருக்குள் விடும் தண்ணீரின் வெப்பம் 6 டிகிரி கூடினால் எரிபொருள் 1 சதவீதம் குறையும். டிரையரின் சூடேற்றிக் குழாயிலிருந்து வரும் வெந்நீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டிக்குத் திருப்பி, 30 டிகிரித் தண்ணீரை 60-ஆக்கினால் 5 சதவீதம். அவிக்கும் தொட்டிக்குப் போகும் நீராவி நெல்லோடு கலந்துவிடும், அது திரும்பாது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குழாயில் காரை படியும், உமி கூடுதலாகத் தின்னும். தண்ணீரைச் சோதித்து மென்னீராக்கி விடுங்கள். உமி நம்முடையதுதானே, காசா பணமா என்ற பேச்சு எழும். மிஞ்சிய உமி விலைக்குப் போகிறது, அதனால் எரிகிற உமியும் காசுதான்.

கொள்முதல், வட்டி

விலைப்புள்ளி வாங்கும்போது வரி, வண்டிக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து மில் வாசலில் என்ன விலை என்று ஒப்பிடுங்கள். வரியில்லாத அரிசி விற்கும் மில்லுக்கு, பைக்கும் உதிரிக்கும் கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வராது, அதுவும் செலவு. வரி போட்டு விற்கும் தொழில் என்றால் கதை வேறு. உங்களுக்கு விற்றவர் தன் ரிட்டர்னைத் தாக்கல் செய்து, அந்தப் பில் உங்கள் ஜிஎஸ்டி கணக்கின் 2பி பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஏறாத பில்லுக்கு வரி வரவு கிடைக்காது.

சரக்கு இருப்பில் பத்து நாள் குறைந்தால், மாதம் 1.2 கோடி நெல் என்ற கணக்கில் 40 லட்சம் விடுபடும், 11 சதவீதத்தில் மாதம் 36,000 ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சம். பழைய அரிசிக்கென்று திட்டமிட்டுச் சேர்த்து வைப்பது வேறு. கவனிக்காமல் மூலையில் கிடப்பது வேறு. மூட்டை அடுக்கின் மேல் வந்த தேதியை எழுதி வைத்தாலே இரண்டும் பிரிந்துவிடும்.

சப்ளையருக்குப் பணத்தை இழுத்தடிப்பதைச் செலவுக் குறைப்பு என்று எண்ணாதீர்கள். பதிவு பெற்ற சிறு, குறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டிய தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியும்.

தொடக்கூடாதவை வேறு சிலவும் உண்டு. பாய்லர் சேஃப்டி வால்வு சோதனை, பெல்ட் மறைப்புக் கம்பி, தூசி பிடிக்கும் சைக்ளோன், பேரிங் கிரீஸ், காப்பீடு, பிஎஃப், இஎஸ்ஐ. 200 ரூபாய் கிரீஸை மிச்சம் பிடித்து, பிசான நடுவில் எலிவேட்டர் பேரிங் இறுகி ஒரு நாள் நின்றால் 20 டன் அரைப்பு போச்சு.

யோசனை எங்கிருந்து வரும்

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் 1998-இலும், டிவிஎஸ் மோட்டார் 2002-இலும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. தரத்துக்கான அந்தப் பரிசில், எல்லா மட்டத்து ஊழியரும் மேம்பாட்டில் பங்கு பெறுவதைக் கூர்ந்து பார்ப்பார்கள். நம் மில்லில் அதற்கு இணையாக வேண்டியது பெரிய ஏற்பாடு அல்ல. கேட்கிற காது போதும். "அண்ணாச்சி, அந்த ரெண்டாம் எலிவேட்டர் அடியில தெனமும் ஒரு சட்டி அரிசி கூட்டி அள்ளுதோம்லா, அதைக் கேக்க மாட்டேங்கியளே" என்று ஒருவர் சொன்னால், அது எந்த ஆலோசகரின் அறிக்கைக்கும் குறைந்ததல்ல.

யோசனைப் பெட்டி வைத்துப் பூட்டிவிட்டால் அதில் சிலந்திதான் குடியிருக்கும். வார முக்கால் மணிக் கூட்டத்தில் ஒவ்வொரு யோசனைக்கும் ஏழு நாளுக்குள் பதில் சொல்லுங்கள்: செய்கிறோம், செய்யவில்லை, ஏன். மறுப்பைக்கூடச் சொல்லிவிடுங்கள். முதலாண்டு மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்று பரிசை முன்கூட்டியே அறிவித்து, கையில் கொடுங்கள். கொடுப்பதாகச் சொல்லிவிட்டு இழுத்தால் அடுத்த யோசனை வராது.

பதிவேடும் சரிபார்ப்பும்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு வரி: என்ன வேலை, யார் பொறுப்பு, எப்போதுக்குள், பழைய அளவு, புதிய அளவு, போட்ட பணம், மாத மிச்சம். மிச்சத்தை எழுதுவது அந்த வேலையைச் செய்தவர் அல்ல, கணக்கர். சூத்திரம்: பழைய குவிண்டால் அளவிலிருந்து புதிய அளவைக் கழித்து, இந்த மாத அரைப்பால் பெருக்குங்கள். முன்பு குவிண்டாலுக்கு 8 யூனிட், இப்போது 7.4 என்றால் 0.6. இந்த மாதம் 5,500 குவிண்டால் அரைத்திருந்தால் 3,300 யூனிட், 26,400 ரூபாய். பில் போன மாதத்தைவிடக் கூடியிருந்தாலும் இந்த மிச்சம் உண்மை. மின் கட்டணமோ நெல் விலையோ ஏறி இறங்கியதை இதில் கலக்காதீர்கள். சந்தை இறங்கியதற்கு நீங்கள் பாராட்டு வாங்கினால், ஏறும்போது திட்டும் வாங்க வேண்டியிருக்கும்.

மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். கையிலிருந்து போகாமல் நின்ற பணம் ஒன்று. வரவிருந்த செலவைத் தவிர்த்தது இரண்டாவது. தள்ளிப்போட்டது மூன்றாவது. பெயிண்ட் அடிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் அது மிச்சமே அல்ல, கூட்டலில் சேர்க்கக் கூடாது. ஒரே மிச்சத்தை எலெக்ட்ரீஷியன் ஒரு தடவையும் சூப்பர்வைசர் ஒரு தடவையும் எழுதுவது அடிக்கடி நடக்கும். கம்ப்ரஸர் அழுத்தத்தைக் குறைத்ததும் கசிவை அடைத்ததும் ஒரே யூனிட்டில்தான் போய்ச் சேரும்.

எதை முதலில் செய்வது? போட்ட பணத்தை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் கூட்டத்திலேயே முடிவெடுத்து மறுநாள் தொடங்குங்கள். இரண்டு ஆண்டு வரை முதலாளியிடம் போகட்டும். மூன்றைத் தாண்டினால் திரும்ப யோசியுங்கள். கூரை சோலார் இந்தக் கடைசி வகையில் விழலாம். கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம், நாளுக்குச் சராசரி 4 யூனிட் என்று கணக்குப் போடலாம். ஆனால் உமித் தூசி படியும் மில் கூரையில் வாரம் ஒரு முறை கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் துறையும் பத்து சதவீதம் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் வேண்டாம். ஏற்கெனவே சிக்கனமாக நடத்துபவருக்கு அது தண்டனை. கொழுப்பு வைத்திருப்பவருக்குச் சலுகை. அடுத்த ஆண்டு எல்லோரும் பட்ஜெட்டை முன்கூட்டியே பத்து சதவீதம் ஏற்றிக் கேட்பார்கள்.

மற்ற நிறுவனங்களுக்கு

பாளையங்கோட்டைக் கல்லூரியோ மருத்துவமனையோ என்றால் நெல் இருக்கும் இடத்தில் சம்பளமும் மருந்தும் இருக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது காலாவதியாகும் மருந்து, ஆளில்லாத அறையின் ஏசி, ஜெனரேட்டர். டீசல் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் போகும்போது ஒரு யூனிட் 25 ரூபாய்க்குக் குறையாது. கரன்ட் வந்த பிறகும் ஜெனரேட்டர் ஓடும் பத்து நிமிடத்தைக் குறைப்பதே அங்கு நல்ல தொடக்கம். ஜவுளிக்கடையில் விற்காமல் தங்கும் சரக்கும் அதன் வட்டியும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

நான்காவது மாதம்

முதல் மூன்று மாதம் எல்லாம் குறையும். நான்காவது மாதம் கம்ப்ரஸர் அழுத்தம் யாரோ ஏற்றி வைத்த பழைய இடத்துக்கே வந்திருக்கும், ரோல் இடம் மாற்றும் நோட்டு நின்றிருக்கும். அதற்கு மருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் மெஷினிலேயே பொருத்திவிடுவதுதான்: ரெகுலேட்டருக்கு ஒரு பூட்டு, கேஜில் சிவப்புக் கோடு, ஸ்டோரில் சாமான் கேட்கும் இண்டென்ட் சீட்டில் புதிய ஸ்பெசிஃபிகேஷன், புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தாளில் ஒரு வரி. முடித்துவிட்டோம் என்று பதிவேட்டில் கோடு போட்ட வேலைகளில் மாதம் ஐந்தை எடுத்து, சொல்லாமல் போய்ப் பாருங்கள். கார் நெல் வரத் தொடங்கும்போது ஒரு லோடை மறுபடி தனியாக அரைத்து எடை போட்டு, ரகமும் ஈரமும் மாறியதற்கேற்ப அடிப்படை எண்ணைத் திருத்தி எழுதுங்கள். பழைய எண்ணை அழிக்காதீர்கள், பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள்.